பீத்தோவன் யாரைப் பார்த்து வாலாட்டியது?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் நெட் படுத்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் பொண்ணு "போர் அடிக்குதுப்பா" என்று பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கிளறினதில் 'பீத்தோவன்' கிடைத்தது. 1992இல் வந்த அமெரிக்கப் படம். ஒரு குடும்பம், மூணு குழந்தைகள், ஒரு பிரம்மாண்டமான செயின்ட் பெர்னார்டு நாய். நான் காலேஜ் சேர்ந்த புதுசில் ஹாஸ்டல் டிவியில் பாதி பார்த்த படம். அவள் முழுசாப் பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில், "அப்பா, இந்த நாய்க்கு எமிலின்னா ரொம்பப் பிடிக்கும் போல. எப்படிப் பாக்குது பாரேன்" என்றாள்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருபது வருஷம் சாஃப்ட்வேர் எழுதின புத்தி, சும்மா இருக்குமா? "அது எமிலியைப் பாக்கலடா. கேமராவுக்குப் பக்கத்துல கறித்துண்டோட ஒரு ஆள் நிப்பாரு. அவரைப் பாத்துதான் வாலாட்டுது."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ எல்லாமே பொய்யா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கத் தேவையில்லை. "எல்லாமே பொய்யா" என்ற அந்தக் கேள்விக்காக மூணு வாரம் ராத்திரியில் உட்கார்ந்து படித்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் படம். ஜார்ஜ் நியூட்டன் (சார்லஸ் க்ரோடின்) அறைக்கு வாசனை போடுகிற ஏர் ஃப்ரெஷ்னர் வியாபாரம் பண்ணுபவர். வீடு சுத்தமாக இருக்க வேண்டும், செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த வீட்டுக்குள் திருடர்களிடமிருந்து தப்பித்த ஒரு நாய்க்குட்டி நுழைகிறது. கடைக்குட்டி எமிலி பியானோவில் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை வாசிக்க, குட்டி கூடவே குரைக்கிறது. பெயர் வைத்தாகிவிட்டது. குட்டி வளர்ந்து மலை மாதிரி ஆகிறது. வாசனை விற்கிறவர் வீட்டில் எச்சில் ஒழுகும் நாய்! நகைச்சுவை முழுக்க இந்த ஒரு முரணில்தான் ஓடுகிறது. நாய்களைத் துப்பாக்கிக் குண்டு சோதனைக்குப் பிடித்துப் போகும் ஒரு கெட்ட கால்நடை மருத்துவர்தான் வில்லன். அவராக நடித்த டீன் ஜோன்ஸ், அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டிஸ்னியின் நாய், பூனை, கார் படங்களில் நல்ல பிள்ளையாக வந்த ஹீரோ. அவரை வில்லனாக்கியது தெரிந்தே செய்த குறும்பாகத்தான் இருக்கும்.

இயக்கம் பிரையன் லெவன்ட். கதை எழுதியவர்களில் ஒருவர் பெயர் டைட்டிலில் 'எட்மண்ட் டான்டெஸ்' என்று வரும். அப்படி ஒரு ஆள் கிடையாது. 'மான்டே கிறிஸ்டோ' நாவலின் நாயகன் பெயர் அது. உண்மையில் எழுதியவர் 'ஹோம் அலோன்' எழுதிய ஜான் ஹ்யூஸ். குழந்தையின் கோணத்திலிருந்து பெரியவர்களைக் கிண்டல் பண்ணும் அந்தக் கை, பெயரை மறைத்தாலும் தெரிகிறது.

சரி, நாய்க்கு வருவோம். படத்தில் நடித்த நாயின் பெயர் கிறிஸ். சொந்தக்காரர் எலினார் கீட்டன். ஆமாம், மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டனின் மனைவி. கணவர் 1966இல் காலமான பிறகும் செயின்ட் பெர்னார்டு வளர்ப்பதில் ஈடுபாட்டோடு இருந்தவர். படப்பிடிப்பில் நாயைக் கவனித்தவர் கார்ல் லூயிஸ் மில்லர் என்ற பயிற்சியாளர்.

ஒரு நாய் எப்படி 'நடிக்கிறது'? நாம் திரையில் பார்ப்பது 'நாய் வருத்தப்படுகிறது, ஓடுகிறது, காப்பாற்றுகிறது' என்று ஒரு தொடர்கதை. நாய்க்குத் தெரிந்தது சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் மட்டும்தான். 'அங்கே போ', 'குறி வைத்த இடத்தில் நில்', 'தலையைத் தாழ்த்து', 'குரை', 'இதைக் கவ்வு', 'என்னைப் பார்'. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சைகை அல்லது குரல். ஒரு ஷாட்டுக்கு ஒன்றிரண்டு ஃபங்ஷன்கள். பயிற்சியாளர் கேமராவுக்குப் பக்கத்தில் கத்திக்கொண்டிருப்பார், அந்தக் குரலை அப்புறம் ஒலிப்பதிவில் எடுத்துவிடுவார்கள். நாய் குழந்தையின் முகத்தை ஆசையாக நக்குகிறதா? முகத்தில் நாய்க்குப் பிடித்த ஏதாவது தடவியிருக்கலாம். இதற்கெல்லாம் சூத்திரம் ஒன்றுதான்: செய்தால் பரிசு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'கிளிக்கர்' விஷயம். நாய் சரியாகச் செய்த அந்த நொடிக்கும், பரிசு அதன் வாய்க்குப் போகும் நொடிக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நாய் தும்மியிருக்கும், திரும்பியிருக்கும், உட்கார்ந்திருக்கும். எதற்காகக் கறி கிடைத்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதனால் சரியான அந்த நொடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். டிக் கேட்டால் பரிசு நிச்சயம் என்று முதலிலேயே பழக்கிவிடுவார்கள். எங்கள் மொழியில் சொன்னால், நிகழ்வின் மேல் டைம்ஸ்டாம்ப் போடுகிறார்கள், பேமென்ட் அப்புறம் வந்து சேரும். உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரெலண்ட், மேரியன் பிரெலண்ட் தம்பதி 1940களில் இதைத் தொழிலாகவே செய்ய ஆரம்பித்தார்கள். பின்னாளில் டால்ஃபின் பயிற்சியாளர் கேரன் பிரையர் இதை நாய் வளர்ப்பவர்களிடையே பரப்பினார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. குட்டிகள் படப்பிடிப்புக்காகக் காத்திருக்காது, சில வாரங்களில் ஆளே மாறிப்போகும். அதனால் ஒரே குட்டிப் பாத்திரத்துக்குப் பல குட்டிகள் தேவைப்படும். 1996இல் வந்த '101 டால்மேஷன்ஸ்' படத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட குட்டிகளைப் பயன்படுத்தினார்கள்.

இதுவரை படித்தபோது என் கட்சிதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. எல்லாம் கறித்துண்டு. அப்புறம் ஒரு தகவல் கண்ணில் பட்டது. பீத்தோவனைக் கவனித்த அதே கார்ல் மில்லர்தான், அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் 1983இல் வந்த 'கூஜோ' படத்திலும் பயிற்சியாளர். ஸ்டீஃபன் கிங்கின் நாவல். வெறிபிடித்த ஒரு செயின்ட் பெர்னார்டு, காருக்குள் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாவையும் சின்னப் பையனையும் மிரட்டும் கதை. குழந்தையும் நாயும் அங்கேயும் உண்டு, அதே இனம், அதே பயிற்சியாளர். ஆனால் பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது. (பொண்ணுக்குக் காட்டவில்லை. நான் தனியாகப் பார்த்துவிட்டு லைட்டைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.)

அந்தப் படப்பிடிப்பில் அவர்களுக்கு வந்த பெரிய தலைவலி என்ன தெரியுமா? நாய்களுக்கு வேலை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. காரின் மேல் பாயச் சொன்னால் குஷியாகப் பாய்ந்தன. பாயும்போது வால் ஆடியது. கொலைவெறி நாய் வாலாட்டினால் எப்படி? கடைசியில் வாலைக் காலோடு சேர்த்துக் கட்டிப் படம் எடுத்தார்கள். வாயில் வழியும் வெறிநாய் நுரை, முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும். அதையும் நக்கித் தின்றுகொண்டே இருந்தனவாம். சில ஷாட்டுகளில் இயந்திர நாய், சிலவற்றில் நாய் வேஷம் போட்ட ஒரு ஸ்டன்ட் கலைஞர்.

ஆக, பீத்தோவனும் கூஜோவும் நாயைப் பொறுத்தவரை ஒரே விளையாட்டு. பாசமும் பயங்கரமும் வெட்டி ஒட்டும் மேஜையில் பிறக்கிறது.

இதைச் சினிமாக்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் 1910களின் கடைசியை ஒட்டி ஒரு சோதனை செய்தார். இவான் மோஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்துக்கொண்டார். அந்த ஒரே துண்டை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று மூன்று காட்சிகளோடு மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள், பசியையும் துக்கத்தையும் ஆசையையும் இந்த நடிகர் என்னமாய்க் காட்டுகிறார் என்று வியந்ததாகச் சொல்வார்கள். முகம் ஒன்றுதான். மிச்சத்தைப் பார்வையாளன் கொண்டுவந்து போடுகிறான். அந்தச் சோதனைப் படம் இன்று கைக்குக் கிடைக்கவில்லை, அதன் பெயர் மட்டும் 'குலெஷோவ் விளைவு' என்று நின்றுவிட்டது.

இங்கே எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது என்று சொல்லிக்கொள்கிறேன். பஸ்டர் கீட்டனுக்குப் பட்டப்பெயரே 'கல்முகம்'. வீடு இடிந்து மேலே விழுந்தாலும் முகத்தில் ஒன்றும் அசையாது. அந்த முகத்தில் நாமே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு சிரித்தோம், கலங்கினோம். அவர் வீட்டு அம்மாவின் நாய்தான் பீத்தோவன்.

ஆனால் பொண்ணு கேட்டது சினிமாவைப் பற்றி இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. 'நாய் முகத்தில் நாம் பார்ப்பது ஏதாவது உண்மையா' என்பதுதான் அவள் கேள்வி. அதற்கு எடிட்டிங் மேஜையில் பதில் கிடைக்காது.

முதலில் கெட்ட செய்தி. செருப்பைக் கடித்துவிட்டு நாய் 'குற்ற உணர்ச்சியோடு' பார்க்குமே, தெரியும்தானே? நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். சொந்தக்காரர் தின்பண்டத்தைக் காட்டி 'தொடாதே' என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் 'தின்றுவிட்டது' என்றோ 'தின்னவில்லை' என்றோ சொல்வார்கள், சில சமயம் பொய்யாக. முடிவு: தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தப் பாவப்பட்ட முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. திட்டு விழுந்தால் அந்த முகம் வந்தது. தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் குற்றவாளி மாதிரி முழித்தது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்று என் அலுவலக அனுபவம் சொல்கிறது.

நல்ல செய்தியும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஜூலியானே கமின்ஸ்கியின் குழு 24 நாய்களின் முகங்களைப் படமெடுத்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டது. மனிதர் நாயைப் பார்த்து நிற்கும்போது ஒருமுறை, முதுகைக் காட்டி நிற்கும்போது ஒருமுறை. கையில் தின்பண்டத்தோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. மனிதர் தன்னைப் பார்க்கும்போது நாயின் முகம் அதிகம் அசைந்தது, குறிப்பாகப் புருவத்தின் உள்முனை மேலே ஏறுவது. அதுதான் அந்தக் குழந்தைக் கண். தின்பண்டம் இருந்ததா இல்லையா என்பது முக அசைவில் வித்தியாசம் எதுவும் காட்டவில்லை.

இந்த இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் கறித்துண்டுக் கொள்கைக்கு முகத்தில் அடித்த மாதிரி.

2019இல் அதே கமின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் நாய்களின் முகத்தசைகளையும் ஓநாய்களின் முகத்தசைகளையும் அறுத்து ஒப்பிட்டார்கள். உள்புருவத்தை உயர்த்தும் தசை நாய்களுக்குத் தெளிவாக இருந்தது. ஓநாய்களுக்கு அந்த இடத்தில் கொஞ்சம் நார்கள் மட்டுமே. மனிதனோடு பல்லாயிரம் வருஷம் வாழ்ந்ததில், நம்மைப் பார்ப்பதற்கு வசதியாக ஒரு தசை தேறியிருக்கிறது என்பது அவர்கள் கருத்து. அது பாசமா என்று கேட்டால், தசையை அறுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் நாம் பார்க்கிறோமா என்று அது பார்க்கிறது. அதுவரை உறுதி.

இதை எழுதும்போது மணி ஞாபகம் வருகிறது. சாத்தூரில் எங்கள் வீட்டு நாய். அப்பாவுக்கு 1991இல் மதுரைக்கு மாற்றலானபோது வாடகை வீட்டில் நாய் கூடாது என்று சொல்லிவிட்டதால், பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் விட்டுவிட்டு வந்தோம். லாரி கிளம்பும்போது அது வேலியோரம் உட்கார்ந்து பார்த்த முகத்தை முப்பது வருஷத்துக்கு மேலாகத் துக்கம் என்று வைத்திருக்கிறேன். ஹோரோவிட்ஸ் படித்த பிறகு அது என் துக்கமாகவும் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. கமின்ஸ்கி படித்த பிறகு, நான் பார்த்ததால் அது அப்படிப் பார்த்தது என்றும் தோன்றுகிறது. ரெண்டையும் பொண்ணிடம் சொன்னேன். "நீங்க ஏன் அதைக் கூட்டிட்டுப் போகல?" என்று மட்டும் கேட்டாள். அப்பாவின் சம்பளத்தைப் பற்றி ஏதோ சொன்னேன்.

அடுத்த கோரிக்கை எதிர்பார்த்ததுதான். "நாமளும் ஒரு செயின்ட் பெர்னார்டு வாங்கலாமா?"

இந்த ஆசை அவளுக்கு மட்டும் வருவதில்லை. கிர்லாண்டா, அசெர்பி, ஹெர்சாக் என்ற மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க கென்னல் கிளப் பதிவுகளையும் நாய்ப் படங்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு படம் வந்த பிறகு அதில் வந்த இனத்தின் மவுசு பத்து வருஷம்வரை கூட நீடிக்கிறது. 1943இல் 'லாஸி கம் ஹோம்' வந்த அடுத்த ரெண்டு வருஷத்தில் கோலி இனப் பதிவு 40 சதவீதம் ஏறியது. (லாஸி பெண் நாய், நடித்தது பால் என்ற ஆண் நாய். பொய் எங்கிருந்து ஆரம்பிக்கிறது பாருங்கள்.) 1959இல் டிஸ்னியின் 'ஷேகி டாக்' வந்த பிறகு ஓல்டு இங்கிலிஷ் ஷீப்டாக் பதிவு நூறு மடங்கானது. நம் ஊருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஒரு பக் நாய் ஓடியது. அப்புறம் எந்தத் தெருவில் பார்த்தாலும் பக். மூக்கு சப்பையான அந்த இனத்துக்கு மூச்சு விடுவதே பாடு என்பது விளம்பரத்தில் வராது.

செயின்ட் பெர்னார்டு சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸ் கணவாயில், துறவிகளின் மடத்தில் உருவான இனம். பனியில் மாட்டிக்கொண்டவர்களைத் தேடும் வேலை. 1800களின் தொடக்கத்தில் அங்கே இருந்த பாரி என்ற நாய் நாற்பது பேரைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அதைப் பதப்படுத்தி பெர்ன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கழுத்தில் தொங்கும் பிராந்திப் பீப்பாய் மட்டும் கட்டுக்கதை, 1820இல் லேண்ட்சீர் என்ற இளம் ஓவியர் வரைந்த படத்திலிருந்து கிளம்பியது. இப்படிப்பட்ட நாயை மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் வைத்தால் என்ன ஆகும்? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இளைத்து, எச்சில் ஈரம் ஆவியாகித்தான் சூடு தணிய வேண்டும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மந்தம். உடம்பு பெரிசாகப் பெரிசாக எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு குறைவு, சூடு வெளியேற வழி குறைவு. 70 கிலோ எடை, அடர்ந்த ரோமம், மே மாதம். கணக்குப் போட்டுக் காட்டினேன், ஒத்துக்கொண்டாள்.

கணக்கால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். எங்கள் குடியிருப்பில் ஒருத்தர் ஹஸ்கி வாங்கி ஏசி அறையில் வைத்திருந்தார். ஒன்றரை வருஷத்தில் வேறு ஊருக்கு வேலை மாறியபோது அது செக்யூரிட்டி அறைப் பக்கம் கட்டிக் கிடந்தது. ரெண்டு நாள் கழித்து ஒரு காப்பகத்திலிருந்து வந்து கூட்டிப் போனார்கள். ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

கடைசியாக, எங்கள் சோதனை. எங்கள் தெருவில் ஒரு கருப்பு நாய் இருக்கிறது. எல்லா வாசலையும் காலையில் ஒரு ரவுண்டு பார்த்துவிட்டுப் போவதால் பெயர் 'மேனேஜர்'. நான் செல்போனுக்குப் பக்கத்தில் பிஸ்கட்டோடு நின்றேன், பொண்ணு அதன் முகத்தைப் படமெடுத்தாள். ஆறு செகண்ட் துண்டு ஒன்றை மூன்று காட்சிகளோடு ஒட்டினோம்: காலித் தட்டு, கிளம்பிப் போகும் ஸ்கூல் பஸ், ஊருக்குப் போயிருந்த என் அம்மாவின் போட்டோ. மூன்றையும் மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினோம். பதினோரு பேர் பதில் போட்டார்கள். "பாவம், பசி போல." "பொண்ணு ஸ்கூலுக்குப் போறதைப் பாத்து ஏங்குது." என் சித்தி மட்டும் குரல் செய்தியே அனுப்பினார்: "வாயில்லா ஜீவன், பாட்டியைத் தேடுதுடா." இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் பொண்ணு குலெஷோவ் பெயரைச் சரியாக உச்சரிக்கிறாள்.

நேற்று அவள் வெட்டாத மூலப் பதிவை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, இங்க பாரு. நீ பிஸ்கட் கவரைக் கசக்கி பாக்கெட்ல போட்டுட்ட. அதுக்கப்புறமும் வால் ஆடுது."

நான் மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன். நாலு செகண்ட், பதினோரு ஃப்ரேம்.

"இன்னொண்ணு குடுப்பேன்னு நினைச்சிருக்கும்" என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து. அதனால் வர்ற சனிக்கிழமை பிஸ்கட்டே இல்லாமல் போக வேண்டுமாம். சட்டையைக்கூடத் துவைத்துப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள், பாக்கெட்டில் வாசனை இருக்கக் கூடாதாம்.